பெரியவர் சரியாகத்தான் பேசினார்

கம்மாபுரம் கடைத்தெருவில், ஒரு டீக்கடை பெஞ்சில் வழக்கு ஒன்று விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பும் ஆகிவிட்டது. குற்றவாளி, எங்கள் தெருக்கோடியில் இருக்கும் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர். மகளையும் பேத்தியையும் பார்த்துவர விசா கேட்டுச் சென்னைக்குப் போனவர், இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என வெறுங்கையோடு திரும்பினார். அவர் செய்த குற்றம்: "இன்டர்வியூவுல சரியாப் பேசல."

"பட்டாவ எதுக்கு எடுத்து நீட்டணும்? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு நிக்கணும்" என்றார் ஒருவர். இவர் பாஸ்போர்ட்டே எடுக்காதவர். "கேட்டதுக்கு மட்டும் சொல்லிட்டு ஊமையாட்டம் நின்னா சந்தேகம் வராதா? கண்ணப் பாத்து தைரியமாப் பேசணும்" என்றார் இன்னொருவர். இவர், மச்சானுக்கு விசா கிடைத்த நாளிலிருந்து சட்ட நிபுணர். அதிகம் பேசியதும் தப்பு, குறைத்துப் பேசியிருந்தாலும் தப்பு. இருவரும் ஒத்துப்போன ஒரே இடம், தப்பு பெரியவர்மேல்தான் என்பது. நானும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

கம்மாபுரம் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில், விருத்தாசலத்தில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய எந்த ஊரில் கேட்டாலும் இதே தீர்ப்புதான். கேள்வி கடுமையாகத்தான் இருக்கும், ஒழுங்காகப் பதில் சொன்னவனுக்குக் கிடைக்கும், கிடைக்காதவன் எங்கேயோ உளறியிருக்கிறான். படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றி, "அவங்க நாடு, அவங்க ரூல்ஸ்" என்பார்கள். இரண்டும் தப்பு என்பது என் கட்சி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் நின்றது எந்த நாட்டுத் தூதரகத்தின் கண்ணாடிச் சன்னல் என்று எழுதப்போவதில்லை. இதில் வரும் மற்ற ஊர்க்காரர்கள் நின்ற சன்னல்களுக்கும் அப்படியே. சட்டம் பேசும்போது மட்டும் அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். காரணம், அந்தச் சட்டம் மனத்தில் இருப்பதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் அங்கேதான் அதிகம்.

அந்நாட்டின் குடியேற்றச் சட்டம் 1952-இல் வந்தது. அதில் 214(பி) என்று ஒரு பிரிவு. சுற்றிப்பார்க்க விசா கேட்டு வருகிறவரை, அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றே அதிகாரி கொள்ள வேண்டும் என்கிறது அது. அப்படியில்லை என்று அதிகாரிக்குத் திருப்தி வரும்படி காட்டுவது வந்தவர் பொறுப்பு. விருத்தாசலம் கோர்ட்டில் ஆடு திருடியதாக நிறுத்தப்பட்டவன் விஷயத்தில்கூட, அவன் திருடினான் என்பதைப் போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே ஆடும் காணாமல் போகவில்லை, திருட்டும் நடக்கவில்லை. இனிமேல் திருடமாட்டேன் என்பதை இவர் நிரூபிக்க வேண்டும். அதற்கு என்ன சான்றிதழ் இருக்கிறது? தாசில்தார் தருவாரா, வி.ஏ.ஓ. தருவாரா?

இதற்குக் கிடைக்கும் நேரம் இரண்டு மூன்று நிமிடம். ஃபைல் நிறையக் கொண்டுபோகும் காகிதங்களை அதிகாரி பெரும்பாலும் கையால்கூடத் தொடுவதில்லை, தொட வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. மறுத்தால் ஒரு அச்சடித்த தாள் தருவார்கள். எல்லோருக்கும் ஒரே வாசகம், அதே பிரிவு எண். மேல்முறையீடு கிடையாது. மறுபடி முயலலாம், மறுபடி 185 டாலர் கட்ட வேண்டும். நம் காசில் ஏறக்குறைய பதினாறாயிரம். நீதிமன்றமும் இதில் எளிதில் கை வைக்காது. 1972-லேயே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அப்படி ஒதுங்கிக்கொண்டது. 2024 ஜூனில் ஓர் அமெரிக்கக் குடிமகள், தன் கணவருக்கு ஏன் விசா இல்லை என்று கேட்டு அதே நீதிமன்றத்துக்குப் போனார். கணவர் உள்ளே வர வேண்டும் என்று கேட்க உங்களுக்கு அரசியல் சட்ட உரிமை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குடிமகளுக்கே இதுதான் கதி என்றால் கம்மாபுரத்துப் பெரியவர் எம்மாத்திரம்.

"சரியாகப் பேசினால் கிடைக்கும்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தியர்கள் கேட்ட சுற்றுலா, வணிக விசாக்களில் 2019 நிதியாண்டில் நாலில் ஒன்றுக்கும் மேல் மறுக்கப்பட்டது. 2024-இல் அது ஆறில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியது. அந்நாட்டு அரசே வெளியிடும் எண்கள் இவை. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் இந்தியாவில் இருக்கிற அப்பா அம்மாக்கள் எல்லோரும் பேசக் கற்றுக்கொண்டார்களா? நாம் அதே நாம்தான், அதே பட்டா, அதே திக்கல். மாறியது சன்னலுக்கு அந்தப் பக்கம். ஆனால் டீக்கடை பெஞ்சில் யாரும் அந்தப் பக்கத்தை விசாரிப்பதே இல்லை.

சரி, பெரியவர் என்னதான் பேசினார்? நான்தான் அவருக்குப் படிவம் நிரப்பித் தந்தேன். இந்தத் தெருவில் அது என் வேலை. காசு வாங்குவதில்லை, காபி கொடுத்தால் குடிப்பேன். திரும்பி வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அங்கே யார் இருக்கிறார்கள்? மகள். இங்கே வேறு பிள்ளைகள்? இல்லை. மனைவி? தவறி இரண்டு வருடம் ஆகிறது. நிலம்? இருந்தது, சுரங்கத்துக்குப் போய்விட்டது. வீடு? வீடு இருக்கிறதுங்க என்று சொல்லி, கேட்காமலே பட்டாவை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்திருக்கிறார். பட்டா மனைவி பெயரில். பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த மனு எட்டு மாதமாக நிலுவை. எதற்குப் போகிறீர்கள்? பேத்திக்குக் காது குத்த.

ஒவ்வொரு பதிலும் உண்மை. ஒவ்வொரு பதிலும் அவருக்கு எதிராகப் போனது.

சொந்த ஊரில் உங்களைக் கட்டிப்போட என்ன இருக்கிறது என்பதுதான் இந்த நேர்காணல்களின் சாரம். நிலம், வீடு, வேலை, குடும்பம். கேட்க நியாயமாகத்தான் தெரியும். இதை நெய்வேலிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1956-இல் நிலக்கரி நிறுவனம் வந்ததிலிருந்து, இந்தப் பகுதியில் ஆழமாக வேரோடியிருந்தவர்கள்தான் முதலில் பெயர்க்கப்பட்டார்கள். நிலத்துக்கடியில் பழுப்பு நிலக்கரி, மேலே குடியானவன். அடியில் இருப்பது வேண்டுமென்றால் மேலே இருப்பவன் நகர வேண்டும். பெரியவருடைய மூன்று ஏக்கரும் எண்பதுகளில் இரண்டாம் சுரங்கத்துக்குப் போனது. பதிலுக்கு அவருக்கு அங்கே வேலை கிடைத்தது, அதிர்ஷ்டக்காரர். 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காகப் பொக்லைன்கள் பச்சை நெற்பயிருக்குள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அந்த ஊர் விவசாயி ஒருவர் நாளைக்கு ஏதோ ஒரு தூதரகச் சன்னலில் நின்றால், உங்களுக்கு நிலம் உண்டா என்றுதான் கேட்பார்கள்.

டவுன்ஷிப் கதை இன்னும் வேடிக்கை. முப்பது பிளாக்குக்கு மேல் விரிந்த ஊர், மரமும் சாலையுமாகப் பார்க்க அழகு. ஆனால் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒருவருக்கும் அந்த வீடு சொந்தமில்லை. பிள்ளை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போவது வரை அதே வாசல், அதே வேப்பமரம். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். வடக்குத்து இந்திரா நகரில் கடன்பட்டு வீடு கட்டியவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் வாடகைக்குப் போனார்கள். முப்பத்தைந்து வருடம் ஒரே ஊரில் வாழ்ந்தவரிடம் அந்த ஊரில் வாழ்ந்ததற்கு ஒரு சொத்துக் காகிதம் இருக்காது. வேர் இல்லை என்று அர்த்தமா?

குடும்பக் கேள்விக்கு வருவோம். இங்கே வேறு பிள்ளை இல்லையென்றால் திரும்பி வருவதற்குக் காரணம் இல்லை என்று கணக்குப் போடுகிறார்கள். நாம் இருவர் நமக்கு இருவர் என்று அரசாங்கம் சுவர் சுவராக எழுதியது. அப்புறம் ஒருவர் போதும் என்றது. தமிழ்நாடு சொன்னபடி கேட்டது, பாராட்டும் வாங்கியது. பெரியவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு மகளுக்கு அண்ணன் தம்பி இல்லை, ஆகவே பேத்திக்குத் தாய்மாமன் இல்லை. தாய்மாமன் மடி இல்லாவிட்டால் தாத்தா மடியில் உட்கார்த்திக் காது குத்துவது வழக்கம். அதற்காகத்தான் போக நினைத்தார். ஒரே பிள்ளை என்பதால் போயே ஆக வேண்டும், ஒரே பிள்ளை என்பதாலேயே போக முடியாது. இதில் அவர் எந்த வார்த்தையைத் திருத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்த டீக்கடைச் சட்ட நிபுணர் சொல்லட்டும்.

சொல்வார். அதற்கென்றே ஒரு தொழில் நடக்கிறது. எப்படி நிற்பது, எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். எனக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் மகளுடைய பேறுகாலத்துக்குப் போகக் கிளம்பினார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் முறை. மகள் வர முடியாதபோது தாய்வீடே பெட்டி கட்டிக்கொண்டு மகளிடம் போகிறது. சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் வறுத்து இடித்துத் தனித்தனிப் பொட்டலம். பிள்ளைக்கு உரைமருந்து, அதை உரசுவதற்கு வழவழவென்று தேய்ந்த கல். தூளி கட்ட நைந்த நூல் புடவை இரண்டு. இதையெல்லாம் விசா வாங்குவதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டார்.

பயிற்சி கொடுத்தவர் சொன்ன முதல் பாடம்: "பிரசவம்னு வாயே தொறக்கக் கூடாது. குழந்தை பாக்க ஆள் வருதுன்னு எடுத்துக்குவாங்க. ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லுங்க." தாளில் ஐந்து இடங்களின் பெயரை எழுதிக் கொடுத்தார். அக்கா பஸ்ஸில் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்தார். அதில் ஒன்று அருவி, அதை ஒகேனக்கல் மாதிரி என்று ஞாபகம் வைத்துக்கொண்டார். சன்னலில் போய் நின்றதும் எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். ஐந்து பெயரும் பறந்துவிட்டன. "பொண்ணுக்கு எட்டாம் மாசம்ங்க" என்றார்.

விசா கிடைத்துவிட்டது.

அடுத்த மாதம் அதே பயிற்சியாளரிடம் போன இன்னொரு அம்மா, இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, உண்மையையே சொன்னார். மறுத்துவிட்டார்கள். முதல் அம்மாவுக்குக் கிடைத்ததைப் பயிற்சியாளர் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். இரண்டாமவருக்குக் கிடைக்காததற்குக் காரணம், தான் சொன்னதைக் கேட்காதது என்றார். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயிக்கிற காசு அவரிடம் இருக்கிறது. இவரைவிட, ஹைதராபாத் பக்கத்தில் சில்கூர் பாலாஜியைப் பதினொரு சுற்று சுற்றிவிட்டு, கிடைத்தால் 108 சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் தெளிவானவர்கள் என்பேன். இது திறமையில் நடக்கிற காரியமில்லை என்றாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குழந்தை பார்க்க ஆள் வருகிறது என்ற அந்தச் சந்தேகத்தின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். பாட்டி வந்து பிள்ளையைக் குளிப்பாட்டினால் சம்பளமில்லாத ஆயா வேலையாகிவிடுமோ என்று யோசிக்கிறார்கள். பாட்டி ஏன் தேவைப்படுகிறாள்? அமெரிக்காவில் பேறுகாலத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரும் தேசியச் சட்டம் கிடையாது. 1993-இல் வந்த சட்டம் தருவது பன்னிரண்டு வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் ஐம்பது பேராவது வேலை பார்க்கும் நிறுவனங்களில். இங்கே 2017-லிருந்து முதல் இரண்டு பேறுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு என்று சட்டம் இருக்கிறது. எத்தனை இடத்தில் ஒழுங்காகத் தருகிறார்கள் என்பது வேறு கதை. பிள்ளை பெற்றவளுக்குச் சட்டம் செய்யாததை ஒரு கிழவி தன் செலவில் பறந்துபோய்ச் செய்கிறாள். அவளைத்தான் வாசலில் நிறுத்தி, எதற்கு வந்தாய் என்கிறார்கள்.

"ஏமாத்திட்டுத் தங்கிடுறாங்களே, அதனாலதான்" என்பது அடுத்த வாதம். தங்குகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிடும் கணக்குகளில், இந்த விசாவில் போய்க் கெடு தாண்டித் தங்கிய இந்தியர்கள் நூற்றுக்கு ஒருவர் இருவர் அளவில்தான் வருகிறார்கள். கடுமையாக வடிகட்டுவதால்தான் எண் குறைவு என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் மறுக்கப்பட்டவர் திரும்பி வந்திருப்பாரா மாட்டாரா என்று அறிய வழியே கிடையாது. அவர் போகவே இல்லையே. அதிகாரியின் கணிப்பு தப்பென்று காட்டும் வாய்ப்பை அந்தக் கணிப்பே பறித்துவிடுகிறது.

இன்னொன்று. அங்கே நிரந்தரமாகத் தங்க ஆசைப்படும் அப்பா அம்மாவுக்கு நேர்வழி இருக்கிறது. இருபத்தொரு வயது தாண்டிய பிள்ளை குடிமகனாகிவிட்டால் பெற்றோருக்கு கிரீன் கார்டு கேட்கலாம், அதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. திருட்டுத்தனமாகத் தங்கி, வைத்தியத்துக்குக்கூட வழியில்லாமல் ஒளிந்து வாழ வேண்டிய தேவை அவர்களுக்கு ஏது? எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் வேறு கதவே இல்லை. வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஏழு விழுக்காடு என்று வரம்பு வைத்திருப்பதால் இந்தியர்களின் வரிசை வருடக்கணக்கில் நீள்கிறது. பிள்ளை வரிசையில் நிற்கும்வரை அப்பன் சுற்றுலாப் பயணியாகத்தான் போக முடியும்.

போய்விட்டு வந்தவர்களிடம் கேளுங்கள், தங்க ஆசைப்படுகிறார்களா என்று. ஆறு மாதத்தில் நாலாவது மாதமே காலண்டரில் கோடு போட ஆரம்பித்துவிடுகிறார்கள். கார் ஓட்டத் தெரியாதவருக்கு வீடுதான் உலகம். பகலில் மகளும் மருமகனும் கணினிமுன், வெளியே பனி. ஒருவர் தினமும் ராத்திரி எனக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டு, "தெருவுல தண்ணி வந்துச்சா?" என்று கேட்பார். அங்கே அப்போது காலை. தண்ணீர் வந்தால் அவருக்கு என்ன, வராவிட்டால் என்ன? வேர் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். அதற்கு எந்த அலுவலகத்திலும் நகல் தர மாட்டார்கள்.

"அவங்க நாடு, அவங்க இஷ்டம்" என்கிறவர்களிடம் எனக்குப் பாதி உடன்பாடு. யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்ய எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் விதிக்கும் இஷ்டத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. கனடா 2011 டிசம்பரில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் என்றே சூப்பர் விசா கொண்டுவந்தது. பிள்ளைக்கு இவ்வளவு வருமானம் வேண்டும், ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருடம்வரை தங்கலாம். அங்கேயும் மறுக்கிறார்கள், அங்கேயும் திரும்பிப் போவாயா என்று யோசிக்கிறார்கள். ஆனாலும் பாரத்தில் பாதியைச் சம்பாதிக்கும் பிள்ளையின் தோளுக்கு மாற்றியிருக்கிறார்கள். பிரிட்டனில் 2000-லிருந்து 2013 ஜூன்வரை, குடும்பத்தைப் பார்க்க வருகிறவருக்கு விசா மறுத்தால் தீர்ப்பாயத்தில் முறையிட முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் வென்றார்கள். மறுத்த அதிகாரி அத்தனை தடவை தப்பு செய்திருக்கிறார் என்று அந்நாட்டுத் தீர்ப்பாயமே சொன்னது. பிறகு அந்த உரிமையை எடுத்துவிட்டார்கள். தப்புகள் நின்றுவிட்டன என்றா நினைக்கிறீர்கள்?

நம் அரசும் யோக்கியமில்லை. பாகிஸ்தான் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒரு கிழவி, இங்கே இருக்கும் கூடப்பிறந்தவளைப் பார்க்க வந்தால் இந்த ஊருக்கு மட்டும்தான் போகலாம், போலீஸில் பதிவு செய் என்று வருடக்கணக்கில் படுத்தியவர்கள் நாம். அதையும் இதே வாயால் கண்டிக்காமல் இதை மட்டும் கண்டிப்பது நேர்மையில்லை.

அமெரிக்காவில் 79 வயது தாண்டியவர்களுக்கு நேர்காணல் வேண்டாம் என்றிருந்த சலுகையும் 2025 செப்டம்பர் 2 முதல் பெரும்பாலும் போய்விட்டது. எண்பத்தைந்து வயதுக் கிழவி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய், ஜெமினி பாலத்துப் பக்கம் வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பது காதில் விழாமல் முழிக்கப்போகிறாள். சரியாப் பேசலை என்று அவளையும் சொல்வோம்.

ஏன் சொல்கிறோம் என்று எனக்கு ஒரு சந்தேகம். காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டார்கள் என்பதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. ஆகவே அவர்கள் சொல்லாத காரணத்தை நாமே தயாரித்துத் தருகிறோம். தூதரகம் விட்டுவைத்த வேலையை டீக்கடை முடித்துக் கொடுக்கிறது.

போன வாரம் பெரியவர் மறுபடி வந்தார். பேத்திக்கு அடுத்த மாதம் மூன்று வயது, ஒற்றைப்படை வயதிலேயே குத்திவிட வேண்டுமாம். இன்னொரு தடவை பணம் கட்டுவதென்று முடிவு செய்திருந்தார். கணினியைத் திறந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தேன். இதற்கு முன் உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. ஆம். உடனே கீழே இன்னொரு பெட்டி விரிந்தது: விளக்குக.

மறுத்தவர்கள் விளக்கவில்லை. விளக்கம் இவரிடம் கேட்கப்படுகிறது. கை அப்படியே நின்றது.

"என்னா தம்பி, நின்னுட்டீங்க?"

"ஏன் மறுத்தாங்கன்னு எழுதணுமாம்ண்ணே."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீக்கடையில பேசிக்கிட்டாங்கள்ல, அதையே எழுதிருங்க. சரியாப் பேசலன்னு."

நான் அப்படிச் சொன்னதில்லை. சொன்னவர்களை அன்றைக்கு ஒரு வார்த்தை மறுத்ததும் இல்லை. மறுக்கப்பட்ட தேதியை மட்டும் அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.